பின்னணியில் ஓடும் ஆறு

தென்காசியிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே செல்பவருக்கு இடைகால், கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி என்று ஊர்கள் மாறிக்கொண்டே இருக்க, இடப்பக்கத்து மலை மட்டும் மாறாமல் கூடவே வரும். சாரல் காலமாக இருந்தால் மலையின் பாதி மேகத்துக்குள் இருக்கும். கீழே வயலும் குளமும் பனையும். மலையிலிருந்து இறங்கும் கருப்பாநதி, அனுமன்நதி முதலிய சிற்றாறுகள் இந்தக் குளங்களை நிரப்பிவிட்டுக் கிழக்கே செல்கின்றன. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு இந்நிலத்தின் நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. ஓவியன் ஒருவனுக்கு இதைவிட ஆயத்தமான நிலம் கிடைப்பது அரிது. முன்னே நீர், நடுவே பசுமை, பின்னே நீலம் என்று இயற்கையே படத்தைப் பிரித்து வைத்திருக்கிறது.

ஆயினும் இந்த நிலத்தை, இதன் ஆறுகளை, இங்கேயே பிறந்தவர்கள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படங்கள் என்று தேடினால் நம் நினைவுக்கு வருபவை மிகச் சில. இவ்வளவு பாடப்பட்ட ஒரு நிலம் ஏன் இவ்வளவு குறைவாக வரையப்பட்டது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால் அது குற்றாலத்தில் தொடங்கி, பாபநாசம், திருவனந்தபுரம், கோவில்பட்டி, சென்னை என்று பல ஊர்களுக்கு நம்மை இட்டுச்செல்கிறது. எண்ணெய் வண்ணம் என்னும் தொழில்நுட்பத்தை நம்மவர்கள் எப்படிக் கற்றார்கள், கற்றவர்கள் அதில் ஆற்றை எங்கே வைத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சபையும் குறவஞ்சியும்

குற்றாலத்துக்கு ஓவியம் அந்நியமானதல்ல. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை இங்கேதான் இருக்கிறது. மற்ற நான்கிலும் இறைவன் திருமேனியாக நிற்க, இங்கே சுவரில் எழுதப்பட்ட சித்திரமாகவே வழிபடப்படுகிறான். சுற்றுச் சுவர்களெங்கும் புராணக் காட்சிகள். ஓவியத்துக்கு இவ்வளவு உயர்ந்த இடத்தைக் கொடுத்த ஊர் தமிழகத்தில் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

ஆனால் இந்த மரபில் ஆறு எப்படி வரையப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நாயக்கர் காலத்துச் சுவரோவியங்களில் பொதுவாக நீர்நிலை என்பது அலைக்கோடுகளால் நிரப்பப்பட்ட ஒரு பரப்பு. அதற்குள் மீன், தாமரை, சில இடங்களில் முதலை. நீரை மேலிருந்து பார்க்கிறோம். கரையில் நிற்கும் மனிதரைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். இது திறமைக் குறைவு அன்று. ஆற்றில் மீன் இருப்பது ஓவியனுக்குத் தெரியும், ஆகவே அவன் மீனை வரைகிறான். ஆற்றைப் பற்றித் தெரிந்தவற்றையெல்லாம் சொல்வது அந்த ஓவியம். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட கரையில் நின்றவனின் கண்ணுக்கு ஆறு எப்படித் தெரிந்தது என்பது அதன் கவலையே அல்ல.

அந்தக் கவலையைக் கவிதை ஓரளவு எடுத்துக்கொண்டது. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சி இம்மலையையும் அருவியையும் கேட்டவர் கண்முன் நிறுத்தியது. மதுரை நாயக்க மன்னர் அதற்குப் பரிசாக அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் பெற்றது. ஒரு நிலத்தைப் பாடியதற்காக அந்த நிலத்திலேயே ஒரு துண்டு பரிசாகக் கிடைத்த கவிஞர் அவர். ரசிகமணி டி.கே.சி. தம் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும், பின்னாளில் கலாப்ரியா கவிதைப் பட்டறைகளை நடத்தியதும் இதே குற்றாலத்தில்தான். சொல்லுக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை.

நம் இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். பெயர் அப்படியிருந்தாலும், கவிதை சென்று சேரும் இடம் உரிப்பொருள்தான். நிலம் மனித உணர்வைத் தாங்கி நிற்கிறது. சுவரோவியத்திலும் அவ்வாறே, ஆறு கதையைத் தாங்கி நிற்கிறது. ஆற்றை ஆற்றுக்காகவே பார்ப்பது, அதை மட்டுமே ஒரு படத்தின் பொருளாக வைப்பது என்பது வெளியிலிருந்து வந்த பழக்கம். அது வந்த ஆண்டையும் நம்மால் சொல்ல முடியும்.

1792

தாமஸ் டேனியல் (1749–1840), அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் (1769–1837) ஆகிய இரு ஆங்கிலேய ஓவியர்கள் 1786-இல் கல்கத்தா வந்திறங்கினர். வட இந்தியாவில் நெடும்பயணம் செய்து முடித்தபின் 1792-இல் சென்னைக்கு வந்து, அங்கிருந்து தெற்கே குமரிமுனைப் பக்கம்வரை சென்றனர். அந்தப் பயணத்தில்தான் திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம் அருவியைக் கண்டு வரைந்தனர். தென்காசிக்குத் தெற்கே, இதே மலைத்தொடரிலிருந்து தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் இடம் அது. 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 படங்களாக வெளிவந்த அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் பாபநாசம் அருவியும் இடம்பெற்றது.

அந்த ஆண்டைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை திப்பு சுல்தானின் நாட்டில் பாதியைப் பறித்தது. அதே ஆண்டில் ஆர்க்காட்டு நவாபோடு செய்த ஒப்பந்தத்தின் வழியே தென்பாளையங்களில் கப்பம் வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. ஏழே ஆண்டுகளில், 1799 அக்டோபரில், கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். டேனியல்கள் வரிவசூல் அதிகாரிகள் அல்லர். உண்மையான கலைஞர்கள், கடினமான உழைப்பாளிகள். ஆனால் அவர்கள் செல்லும் பாதையைத் திறந்துவைத்தது படை. அவர்கள் படங்களை வாங்கியவர்கள், தமக்குப் புதிதாக வந்து சேர்ந்த நாடு எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்பியவர்கள்.

இன்னொரு செய்தி ஓவியம் கற்பவருக்கு முக்கியமானது. டேனியல்கள் அருவியின் முன்னால் நின்று எண்ணெய் வண்ணம் தீட்டவில்லை. இருட்டறைப் பெட்டி எனத்தக்க 'கேமரா அப்ஸ்க்யூரா' கருவியின் துணையோடு பென்சிலால் வடிவத்தைப் பிடித்து, மேலே நீர்வண்ணம் பூசிக்கொண்டனர். அவர்களுடைய இந்திய எண்ணெய் ஓவியங்களில் பெரும்பாலானவை 1794-இல் அவர்கள் இங்கிலாந்து திரும்பியபின் அங்கே தீட்டப்பட்டவை. அன்று எண்ணெய் வண்ணத்தை வெளியே எடுத்துச்செல்வது பெருந்தொல்லை. குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். மூடி போட்ட தகரக் குழாயில் வண்ணம் அடைக்கும் முறையை ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்தது 1841-இல்தான். ஆகவே நம் பக்கத்து மலையும் நீரும் முதன்முதலில் ஐரோப்பிய எண்ணெய் ஓவிய உலகிற்குள் சென்றது நினைவிலிருந்தும் குறிப்பிலிருந்தும்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார். ஸ்டவர் ஆற்றங்கரையில் ஆலை வைத்திருந்தவரின் மகன் அவர். பெரும் பயணங்கள் செய்யாமல், தாம் பிறந்த ஆற்றின் சில மைல் தூரத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். மதகு, படகு, வண்டி இறங்கும் துறை, நனைந்த மரக்கட்டை இவையே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. வில்லியம் டேனியல் 1822-இல் ராயல் அகாதெமியின் முழு உறுப்பினரானார். கான்ஸ்டபிள் 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தூரத்து அருவிகளுக்கு இருந்த மதிப்பு சொந்த ஊர் ஆற்றுக்கு இல்லை. அது அங்கும் அப்படித்தான். ஆனாலும் ஸ்டவர் ஆற்றுக்கு ஒரு கான்ஸ்டபிள் கிடைத்தார். சிற்றாற்றுக்கு அப்படியொருவர் கிடைக்கவில்லை. ஏன் என்பதற்கு, எண்ணெய் வண்ணத்தின் இயல்பிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது.

எண்ணெய் மறைக்கும் இரகசியம்

நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளின் வெண்மை. அதைத் தொடாமல் விடுவதே கலை. எண்ணெய் வண்ணத்தில் வெண்மை கடைசியில் வருகிறது. அருவியை வரைய முதலில் பாறையின் இருளை மெல்லிய பூச்சாகக் கித்தான் முழுவதும் பரப்ப வேண்டும். அதன்மேல் நடுத்தர வண்ணங்கள். அருவியின் நீர் நாம் நினைப்பதுபோல் வெள்ளையன்று. நிழலில் அது நீலம் கலந்த சாம்பல். வெயில் நேராகப் படும் சிற்சில இடங்களில் மட்டுமே தடித்த வெள்ளை. அந்த வெள்ளையைத் தொடக்கத்திலேயே வாரி இறைத்துவிட்டால் பாறையில் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும்.

ஓடும் ஆறு இன்னும் கடினம். ஆற்றுக்கென்று தனி நிறம் கிடையாது. காலடியில் உள்ள நீரை மேலிருந்து பார்க்கையில் அடியிலுள்ள மணலும் கூழாங்கல்லும் தெரிகின்றன. பார்வை தொலைவுக்குச் செல்லச் செல்ல அடித்தரை மறைந்து வானமே நீரில் தெரிகிறது. ஒரே ஆறு, படத்தின் கீழ் விளிம்பில் மண்நிறமாகவும் நடுவில் வான்நிறமாகவும் இருக்கிறது. கரையில் நிற்கும் கரிய மரத்தின் பிரதிபலிப்பு மரத்தைவிடச் சற்று வெளுத்தும், வெண்ணிறச் சுவரின் பிரதிபலிப்பு சுவரைவிடச் சற்று மங்கியும் இருக்கும். இவையெல்லாம் கண்ணால் கண்டு தெளிய வேண்டியவை. ஆற்றில் மீன் உண்டு என்ற அறிவு இங்கே உதவாது; அந்த அறிவைச் சிறிது நேரம் மறந்திருக்க வேண்டும்.

அடுத்தது காலம். நீர்வண்ணம் நீர் ஆவியாவதால் காய்கிறது. எண்ணெய் வண்ணம் அப்படிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே சில நாட்கள் ஆகும். தடித்த பூச்சு உள்ளே வரை இறுகப் பல மாதங்கள் ஆகலாம். ஈரக் காற்றும் குளிர்ச்சியும் இதை இன்னும் தாமதப்படுத்தும். எனவே குற்றாலத்துச் சாரல் காலம், கண்ணுக்கு எவ்வளவு விருந்தோ அவ்வளவுக்குக் கித்தானுக்குச் சோதனை. அடியில் எண்ணெய் குறைந்த பூச்சும் மேலே எண்ணெய் மிகுந்த பூச்சும் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. மாற்றிச் செய்தால், அடிப்பூச்சு இறுகி முடியுமுன் மேற்பூச்சு இறுகி, சில ஆண்டுகளில் வெடிப்பு விடும்.

இங்கேதான் நம் கதைக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. முடிந்த எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து அது செய்யப்பட்ட வழியை அறிய முடியாது. மேலுள்ள பூச்சு கீழுள்ளதை மறைக்கிறது. கற்பூரத் தைலம் எந்த அளவில் சேர்ந்தது, எந்தப் பூச்சு காய்ந்தபின் எது வந்தது, எங்கே ஈரத்தோடு ஈரமாகக் கலந்தார்கள் என்பது ஓவியத்தில் எழுதியிருப்பதில்லை. அச்சுப் படத்தைப் பார்த்துப் படியெடுப்பவனுக்கோ வண்ணப்பூச்சின் தடிமன்கூடத் தெரியாது. இந்தத் தொழிலைக் கற்க ஒரே வழி, தெரிந்தவர் வரைகையில் அருகில் நிற்பது. எனவே, அருகில் நிற்க யாருக்கு அனுமதி என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அருகில் நிற்க அனுமதி

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எண்ணெய் வண்ணம் அறிந்த தமிழ்நாட்டு ஓவியர்கள் சிலர் இருந்தனர். சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) அவையில் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு ஓவியராக இருந்தார். கிளிமானூர் அரண்மனையின் இராஜராஜ வர்மா அவரிடம் பயின்றார். அந்த இராஜராஜ வர்மாதான் தம் மருமகன் ரவி வர்மாவுக்கு (1848–1906) முதல் ஆசிரியர். மதுரைக்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான பழைய வழிகளுள் ஒன்று கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து செல்வது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரின் பகுதியாகவே இருந்தது. குற்றாலத்தில் அவ்வரசர்களுக்கு ஒரு மாளிகையும் உண்டு. கேரளத்தின் கலைச்சாதனையாக நாம் எண்ணும் ஒன்றின் வேர் மலைக்கு இப்பாலும் பரவியிருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1862-இல் பதினான்கு வயதுச் சிறுவனாக ரவி வர்மா திருவனந்தபுரத்துக்கு அழைத்துவரப்பட்டார். ஆயில்யம் திருநாள் அரசர். அரண்மனை ஓவியராக இருந்தவர் ராமசாமி நாயுடு; இவரும் மதுரைக்காரர். எண்ணெய் வண்ணத்தைக் கற்றுத்தரும்படி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார் என்று ரவி வர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை, ஆசிரியர் அறியாமல் இரவில் வந்து வண்ணம் குழைக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரை வரைய வந்தார். அவரும் கற்றுத்தர இசையவில்லை. ஆனால் தாம் வரையும்போது பார்த்துக்கொண்டிருக்க அனுமதித்தார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ரவி வர்மாவுக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது.

இந்தக் கதையில் ராமசாமி நாயுடுவைப் பொறாமைக்காரராக ஆக்கிவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் இடத்திலிருந்து பார்த்தால், ஒரு கூலித் தொழிலாளிக்கு அவன் அறிந்த நுட்பமே சொத்து. கேட்பவனோ அரச குடும்பத்தோடு உறவுள்ள இளைஞன். கற்றுக்கொடுத்த மறுநாள் தாம் தேவையற்றவராகிவிடக் கூடும். அந்த அச்சம் வீண் அச்சமும் அல்ல. நாயுடுவின் பெயரை இன்று நாம் அறிவது ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாற்றில் வரும் ஒரு மறுப்பாக மட்டுமே.

எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுபவர் ஆறுமுகம் பிள்ளை. மாணவனாக இருந்துகொண்டே, தன் பிழைப்பைப் பணயம் வைத்து, இரவில் வந்து இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தவர். இந்திய எண்ணெய் ஓவியத்தின் மிகப் புகழ்பெற்ற கை உருவானதில் அவருக்குப் பங்குண்டு. அவர் தீட்டிய ஓர் ஓவியத்தைக்கூட நாம் பேசுவதில்லை. பின்னணியில் நின்றவர்களின் வரிசையில் அவர் முதல்வர்.

தம்பியின் பங்கு

அந்த வரிசையில் அடுத்தவர் ரவி வர்மாவின் சொந்தத் தம்பி சி. இராஜராஜ வர்மா (1860–1905). மாமாவின் பெயரே இவருக்கும். ரவி வர்மா உருவங்களில் வல்லவர். தம்பியின் மனம் நிலக்காட்சியில் இருந்தது. இருவரும் இந்தியா முழுவதும் சேர்ந்தே பயணம் செய்தனர், சேர்ந்தே வரைந்தனர். அண்ணன் மனிதரை வரைய, தம்பி அவர்களுக்குப் பின்னால் மரத்தையும் வானத்தையும் நீரையும் வரைந்த படங்கள் பல. 1895 முதல் 1904 வரை அவர் ஆங்கிலத்தில் எழுதிவந்த நாட்குறிப்பு 2005-இல் நூலாக வெளிவந்தது. அண்ணனின் ஓவியக்கூடம் எப்படி இயங்கியது என்பதை நாம் அறிவது பெரிதும் அந்த நாட்குறிப்பினால்தான்.

ரவி வர்மாவின் படங்களில் ஆறு எங்கே இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். சாந்தனு மீனவப்பெண்ணைக் காணும் படத்தில் ஆறு உண்டு. கங்கையும் சாந்தனுவும் உள்ள படத்தில் ஆறே ஒரு பாத்திரம். ஆயினும் நாம் பார்ப்பது புடவையின் மடிப்பை, முகத்தின் தயக்கத்தை, அணிகலனின் ஒளியை. நீர் பின்னே தங்கிவிடுகிறது. சித்திர சபையின் சுவரில் ஆறு வகித்த இடமே இங்கும். வரையும் முறை முற்றிலும் மாறிவிட்டது. அலைக்கோடுகள் போய், ஒளியும் பிரதிபலிப்பும் வந்துவிட்டன. படத்தில் ஆற்றுக்குரிய வரிசை மட்டும் மாறவில்லை.

இராஜராஜ வர்மா தனித்தும் நிலக்காட்சிகள் வரைந்தார். ஆனால் விற்பனை புராணப் படங்களுக்குத்தான். 1894-இல் பம்பாயில் சகோதரர்கள் அச்சகம் நிறுவியபோது வீடுதோறும் சென்று சேர்ந்தவை இலட்சுமியும் சரஸ்வதியும். அந்த அச்சு முறைக்கு 'ஓலியோகிராஃப்' என்று பெயர். எண்ணெய் ஓவியத்தின் மினுக்கத்தைத் தாளில் போலி செய்வது. இலட்சுமியின் பின்னால் குளமும் யானையும் சென்றன. தனியாக ஒரு குளத்தை வாங்கிச் சுவரில் மாட்ட யாரும் இல்லை. இராஜராஜ வர்மா நாற்பத்தைந்து வயதுகூட நிறைவதற்குள் 1905-இல் காலமானார். அடுத்த ஆண்டு அண்ணனும்.

படுதாவும் நாட்காட்டியும்

எண்ணெய் ஓவியம் சாமானியர் வீட்டுக்கு வரவில்லை. அதன் பார்க்கும் முறை வந்தது. வந்த வழி நாடகமேடை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாடெங்கும் சுற்றிய நாடகக் குழுக்கள் தத்தமக்குப் படுதாக்களை வைத்திருந்தன. தெரு, அரண்மனை, நந்தவனம், காடு, ஆற்றங்கரை என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படுதா. தூள்வண்ணத்தை வச்சிரப் பசையில் கலந்து துணியில் எழுதுவார்கள். தொலைவு செல்லச் செல்லக் குறுகும் ஆறு, நீலமாகும் மலை, நீரில் தலைகீழாகத் தெரியும் மரம் ஆகியவற்றை நம் கிராமத்து மக்கள் முதன்முதலில் ஓவியமாகக் கண்டது இந்தப் படுதாக்களில். பிறகு புகைப்பட நிலையங்களின் பின்திரைகள் அதே ஆற்றங்கரையை ஏற்றுக்கொண்டன. நம் தாத்தாக்களின் படங்களில் நாற்காலிக்குப் பின்னே ஓடும் அந்த மங்கலான ஆறு எந்த ஆறும் அல்ல.

கடையநல்லூருக்குக் கிழக்கே கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) இந்த இரு உலகங்களையும் இணைத்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, துறவு நாட்டம் கொண்டு ரமணாசிரமத்தில் இருந்து, பின்பு நாடகத் திரைகள் எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைத்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக்கி நாடெங்கும் அனுப்பின. அந்தப் படங்களில் தெய்வங்களின் பின்னால் மலையும் நீரும் எவ்வளவு பரிவோடு எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பழைய நாட்காட்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம். ரவி வர்மாவிடம் இரவில் வந்து சேர்ந்த கல்வி கோவில்பட்டியில் பகலில், மாணவர்கள் சூழ, கைமாறியது. இது சிறிய செய்தி அன்று. ஆனால் ஆறு இங்கும் முருகனுக்கும் சிவனுக்கும் பின்னால்தான்.

நிலத்தை விட்டுப் போனவர்கள்

சென்னைக் கலைப்பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவரால் தொடங்கப்பட்டது. நெடுங்காலம் அது தொழிற்கலைகளுக்கான பள்ளியாகவே இருந்தது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானபின் நுண்கலைப் பயிற்சி வலுப்பெற்றது. அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) தொடக்கக் காலத்தில் வரைந்தவை கால்வாயும் தென்னையும் கொண்ட நீர்நிலக் காட்சிகள், பெரும்பாலும் நீர்வண்ணத்தில். உருவத்துக்குப் பின்னணியாக இல்லாமல், நீரே பொருளாக அமைந்த படங்கள் அவை. ஒருவழியாக ஆறு முன்னே வந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் காலம் வேறு திசையில் திரும்பியிருந்தது. ஐரோப்பியர் தந்த கண்ணால் இன்னும் எத்தனை நாள் பார்ப்பது என்ற கேள்வி சுதந்திரத்துக்குப் பிந்தைய ஓவியர்களை வருத்தியது. பணிக்கர் 1960-களில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு நகர்ந்தார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. கோடு, குறி, கோலம், எந்திரம் என்று நம் பழைய மரபின் தளப்பரப்புக்கே அவர்கள் திரும்பினர். அந்தத் திருப்பம் நியாயமானது, நமக்குச் சிறந்த ஓவியங்களைத் தந்தது. எனினும் அதனால் நேர்ந்த ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். நிலக்காட்சி என்பது பயிற்சி மாணவர் செய்வது, அலங்காரத்துக்கு விற்பது என்ற எண்ணம் வேரூன்றியது. உள்ளூர் ஆற்றை ஒரு வாழ்நாள் முழுக்க வரையும் ஓவியர் தோன்றுவதற்கு முன்பே அந்த வகைமை பழையதாகிவிட்டது.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். பாபநாசத்தில் 1944-இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1792-இல் டேனியல்கள் கண்ட நீர்ப்பெருக்கு மழைக்கும் மலைக்கும் மட்டுமே கட்டுப்பட்டது. இன்றைய நீர் அணைக்கும் கட்டுப்பட்டது. அணை வேண்டாம் என்பதல்ல பேச்சு. அணைக்கு முந்தைய தாமிரபரணியை ஓவியத்தில் பார்க்க விரும்பினால், மாதக்கணக்கில் கப்பலில் திரும்பிச் சென்ற இரு அந்நியர்களின் படத்தைத்தான் நாம் எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கேயே குளித்து, அங்கேயே விதைத்து வாழ்ந்த தலைமுறைகளின் கண்ணுக்கு அது எப்படி இருந்தது என்பதற்குப் படச்சான்று இல்லை. பாடல் இருக்கிறது. ஆனால் பாடல் எல்லா ஆண்டுகளுக்கும் உரிய அருவியைச் சொல்கிறது. இந்த ஆண்டின், இந்தக் கரையின், இந்த வெளிச்சத்தின் ஆற்றைச் சொல்ல ஓவியம் வேண்டும். குளம் மனையாகவும் வாய்க்கால் சாக்கடையாகவும் மாறிய ஊர்களில் 'முன்பு இங்கே நீர் இருந்தது' என்று முதியவர்கள் சொல்கையில், அந்தச் சொல்லுக்குத் துணையாகக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

புகைப்படம் இருக்கிறதே என்று சொல்வது எளிது. ஒவ்வொரு சாரலிலும் எண்ணற்ற படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அருவி, சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு முகத்துக்குப் பின்னால் இருக்கிறது. புகைப்பட நிலையத்துப் பின்திரையை நாம் இன்னும் கழற்றவில்லை.

இன்று எண்ணெய் வண்ணம் கற்க யாரும் இரவில் ஒளிந்து செல்ல வேண்டியதில்லை. வண்ணக் குழாயும் கித்தானும் அருகிலுள்ள நகரத்திலேயே கிடைக்கின்றன. பெரிய ஓவியர்கள் பூச்சின்மேல் பூச்சாக வரைவதைக் காணொளியில் பார்க்க முடிகிறது. ராமசாமி நாயுடு காத்துவந்த சொத்து இப்போது எவருக்கும் உரியது. கற்பவருக்கு மீதமிருக்கும் வேலை பார்ப்பது ஒன்றுதான். கடையநல்லூர்ப் பக்கத்தில் மலை மேற்கே இருப்பதால், காலைவெயில் மலையின் முகத்தில் நேராக விழும். மடிப்பும் பள்ளமும் தெளிவாகத் தெரியும். பிற்பகலில் கதிரவன் மலைக்குப் பின்னே சென்றுவிட, அதே மலை ஒற்றை நீலத் தகடாகிவிடும். முன்னே உள்ள குளம் மட்டும் வானத்தின் ஒளியை வைத்துக்கொண்டிருக்கும். காலையில் தொடங்கிய படத்தை மாலையில் முடிக்க முடியாது. நாளைக் காலை மீண்டும் அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அப்படிப் பல காலைகள் வந்து நின்றவருக்கு, அந்தக் குளத்து நீர்மட்டம் சென்ற ஆண்டைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும்.